காய்க்கும் நிலப்பத்திரம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே டான்வெர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே எண்டிகாட் தெருவில் உள்ள ஒரு மருத்துவ மையத்தின் பின்பக்கம், வேலிக்குள் ஒரு பேரிக்காய் மரம் நிற்கிறது. தேடிப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நிமிர்ந்த அடிமரம் கிடையாது. நாலு பேர் கைகோத்துச் சுற்றி நின்று படம் எடுக்கும்படியான பருமனும் கிடையாது. தண்டுகள் தாழ்விலேயே பிரிந்து, கோணல்மாணலாகப் பரந்து கிடக்கும். வட அமெரிக்காவில் மனிதர்கள் நட்டு வளர்த்த பழமரங்களில், இன்றும் உயிரோடு இருப்பவற்றுள் மிகப் பழையது என்று சொல்லப்படுவது இதுதான். நட்டவர் ஜான் எண்டிகாட், மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் தொடக்க கால ஆளுநர். நட்ட காலம் 1630-க்கும் 1649-க்கும் இடையில் எங்கோ.

இந்த இடைவெளி சும்மா வந்ததில்லை. எண்டிகாட் 1628-இல் அபிகெய்ல் என்ற கப்பலில் வந்து, பழங்குடி மக்கள் நௌம்கீக் என்று அழைத்த கரையில் இறங்கினார். அந்த இடத்துக்குத்தான் குடியேறிகள் சேலம் என்று பெயர் வைத்தார்கள் (நம் சேலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது விவிலியத்திலிருந்து எடுத்த பெயர்). 1630-இல் ஜான் விந்த்ராப் பெருங்கூட்டத்தோடு வந்து பொறுப்பேற்கும்வரை அங்கே எல்லாம் எண்டிகாட்தான். 1632 ஜூலையில் குடியேற்ற மன்றம் அவருக்கு 300 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. மன்றப் பதிவு அந்த நிலத்தின் பழங்குடிப் பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் 'பிர்ச்வுட்' என்றும் குறிக்கிறது. பிர்ச் மரக் காடாக இருந்திருக்கிறது. கொஞ்ச காலத்தில் அது 'ஆர்ச்சர்ட் ஃபார்ம்', அதாவது பழத்தோட்டப் பண்ணை, ஆகிவிட்டது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தது, மரத்துக்கும் ஆளுநர் வீட்டுச் சூரியக் கடிகாரத்துக்கும் ஒரே வயது என்பது. பிற்காலத்தில் சேலத்து அருங்காட்சியகச் சேகரிப்புக்குப் போன அந்தக் கடிகாரத்தில் 1630 என்று பொறித்திருக்கிறது. சரி, நிலமே 1632-இல்தான் கைக்கு வந்தது என்றால், 1630-இல் அங்கே எப்படி நட்டார்? வேறெங்கோ நட்டுப் பிறகு வேரோடு பெயர்த்து வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிகாரத்தின் ஆண்டு மரத்தின் மேல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தோன்றுகிறது. பொறித்த எழுத்து ஒன்று பக்கத்தில் இருந்தால் வாய்மொழி அதில் போய் ஒட்டிக்கொள்வது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் சில ஆண்டு முன்பின் என்பதால் மரத்தின் மதிப்பு ஏறவோ இறங்கவோ போவதில்லை. பாரம்பரிய மரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுக் கணக்கிலேயே பாதிப் பக்கத்தைச் செலவிடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: புதிதாக வந்திறங்கிய ஒருவர், பசியும் குளிரும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த இடத்தில், காய்க்கப் பல ஆண்டு பிடிக்கும் பேரிக்காய் மரத்தை ஏன் நட்டார்?

வயிற்றுக்காக என்பது பாதி விடை. மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனி 1629-இல் கப்பலில் அனுப்ப வேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. கோதுமை, வாற்கோதுமை விதைகளோடு பீச், பிளம், செர்ரிக் கொட்டைகளும், ஆப்பிள், பேரி, குவின்ஸ் விதைகளும் அதில் இருக்கின்றன. ஆப்பிளும் பேரிக்காயும் அமெரிக்க மண்ணுக்கு உரியவை அல்ல, இரண்டும் யூரேசியாவிலிருந்து போனவை. இங்கிலாந்துக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு ஆப்பிள் என்றால் சைடர், பேரி என்றால் பெர்ரி என்ற மது. குளிர்காலம் முழுக்கக் குடிக்கவும், உலர்த்தி வைத்துத் தின்னவும் அவைதான் கைவசம்.

எண்டிகாட்டின் தோட்டம் வீட்டுக் கொல்லை அளவில் நிற்கவில்லை. 1644-இல் விந்த்ராப்புக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகள் பக்கத்தில் நிலத்துக்குத் தீ வைத்ததில் 500 மரங்களாவது எரிந்து போய்விட்டன என்று சொல்கிறார். பெற்ற பிள்ளைகள்தான். நாலு வரியில் முடிந்துபோகும் வீட்டுச் சங்கதி மாதிரி இருந்தாலும், அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 500 எரிந்தும் தோட்டம் நின்றது என்றால் அது கன்று வளர்த்து விற்கும் நாற்றுப்பண்ணை. அதற்கு அடுத்த சான்று இன்னும் தெளிவு. 1648 வாக்கில் அவர் மூன்று வருடத்து ஆப்பிள் கன்றுகள் 500-ஐ வில்லியம் டிராஸ்க் என்பவருக்குக் கொடுத்து, பதிலாக 200 ஏக்கருக்குக் குறையாத நிலத்தை வாங்கிக்கொண்டார். காசு புழங்காத குடியேற்றத்தில் பழக்கன்றே காசாகிவிட்டது. இரண்டு கன்றுக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர்!

ஏன் அத்தனை விலை? இங்கேதான் மறுபாதி விடை இருக்கிறது. விந்த்ராப் இங்கிலாந்தை விட்டுக் கிளம்புமுன் 1629-இல் எழுதிய வாதங்களில் ஒன்று இது: அங்கிருக்கும் மக்கள் நிலத்தை வேலி போட்டு அடைப்பதில்லை, நிலையாக ஓரிடத்தில் தங்குவதில்லை, நிலத்தை மேம்படுத்தக் கால்நடை வளர்ப்பதில்லை, ஆகவே அவர்களுக்குத் தேவையானது போக மிச்சத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் பார்வையில் நிலத்துக்கு உரிமை அதைத் 'திருத்தியவருக்கு'. திருத்தியதற்கு அடையாளம் வேலி, வீடு, உழவு. சோளம் ஆண்டோடு போகும். பழமரம் ஒரு தலைமுறைக்கு நிற்கும். பழத்தோட்டம் வைத்தவர் போய்விட மாட்டார் என்று பார்க்கிறவருக்குச் சொல்லாமலே தெரியும். ஆக அந்தக் காலத்தில் ஒரு குடியேறி நட்ட பேரிக்காய் மரம் என்பது காய்க்கும் நிலப்பத்திரம்.

நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேனோ என்று தோன்றினால், நூற்றைம்பது ஆண்டு தள்ளி நடந்ததைப் பாருங்கள். 1790-களில் ஓஹாயோ கம்பெனி குடியேறிகளுக்கு இலவசமாக 100 ஏக்கர் நிலம் கொடுத்தபோது எழுத்திலேயே நிபந்தனை போட்டது: மூன்று ஆண்டுக்குள் 50 ஆப்பிள் மரமும் 20 பீச் மரமும் நட்டாக வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. பழமரம் உரிமைக்கு அடையாளம் என்பதை, நியூயார்க் பகுதிப் பழங்குடிகளான இரோக்வாய் மக்களும் நன்றாகவே புரிந்துகொண்டு, ஆப்பிளும் பீச்சும் வளர்த்துத் தோப்பாக வைத்திருந்தார்கள். 1779-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவில் தளபதி சல்லிவன் படையெடுத்துப் போனபோது, வீடுகளை எரித்ததோடு நிற்காமல் தோப்புகளையும் வெட்டச் சொன்னார்கள். கயூகா ஏரிக் கரையில் சோனொடோட் என்ற ஒரே ஊரில் 1500 பழமரங்கள் விழுந்தன, பெரும்பாலும் பீச். 'திருத்தினவருக்கு நிலம்' என்ற வாதம் எவ்வளவு நேர்மையானது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எண்டிகாட்டின் சொந்தக் கணக்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது. ஜான் ஓல்டம் என்ற வணிகர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, 1636 ஆகஸ்டில் எண்டிகாட் தலைமையில் சுமார் 90 பேர் பிளாக் தீவுக்குப் போனார்கள். குடிசைகளைக் கொளுத்தினார்கள், சோளத்தை எரித்தார்கள். அதிலிருந்து மூண்டதுதான், பீக்வாட் என்ற பழங்குடியினரோடு நடந்த பீக்வாட் போர். ஆர்ச்சர்ட் ஃபார்மில் கன்றுகளுக்கு மண் அணைத்தவரும் இதே ஆள்தான். இவர் வந்திறங்கிய கரையில் இருந்த நௌம்கீக் மக்களில் பெரும்பகுதியினர் 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் ஏற்கெனவே மடிந்திருந்தார்கள். 1633-இல் பெரியம்மை வந்து மிச்சத்தையும் வாரிக்கொண்டு போனது. அவர்களுடைய வாரிசுகளிடம் சேலம் ஊரார் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதி வாங்கியது 1686 அக்டோபரில், 20 பவுன் கொடுத்து. அதற்குள் எண்டிகாட் இறந்து 21 ஆண்டு ஆகியிருந்தது. பேரிக்காய் மரம் எத்தனையோ பருவம் காய்த்து முடித்திருந்தது.

மனிதரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எண்டிகாட் கடும் தூய்மைவாதி (பியூரிட்டன்), கிறித்தவத்தில் கத்தோலிக்கச் சாயலே கூடாது என்ற கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலேயக் கொடியில் இருந்த சிலுவை போப்பாண்டவர் வாசனை அடிக்கிறது என்று 1634-இல் அதை வெட்டி எடுத்தவர். பின்னாளில் அவர் ஆளுநராக இருந்த காலத்தில்தான் பாஸ்டனில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வந்திறங்கிய 1628-லேயே அவர் செய்த காரியங்களில் ஒன்று, ஒரு மரத்தை வெட்டியது. தாமஸ் மார்ட்டன் என்ற உல்லாசப் பேர்வழி மெர்ரிமவுண்ட் என்ற இடத்தில் 80 அடிப் பைன் மரத்தை நட்டு, உச்சியில் மான்கொம்பு கட்டி, பழங்குடியினரோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். எண்டிகாட் போய் அதைச் சாய்த்துவிட்டு, ஒழுங்காக இருங்கள் என்று மிச்சமிருந்தவர்களைக் கண்டித்துவிட்டு வந்தார். மரம் நட்டவர் என்பதால் மட்டும் ஒருவரைச் சாந்த சொரூபியாக நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. அது இவரிடம் செல்லாது.

அப்புறம் மரத்தின் கதை. 1692-இல் சூனியக்காரிகள் என்று பழி சுமத்தி இருபது பேர் உயிரைப் பறித்த கூத்து தொடங்கியது இதே டான்வெர்ஸில்தான், அப்போது அதன் பெயர் சேலம் கிராமம். மரம் பக்கத்திலேயே நின்றது. 1763-லேயே அது கிழடு தட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். 1804, 1815 ஆண்டுப் புயல்களில் கிளைகள் முறிந்தன. ஆனாலும் காய்ப்பு நிற்கவில்லை.

அதைப் பேர் சொல்லும் மரமாக்கியதில் பெரும்பங்கு வில்லியம் பென்ட்லி என்ற சேலத்துப் பாதிரியாருக்கு. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் நாள்தவறாமல் குறிப்பு எழுதியவர், ஊரில் எந்தப் பழம்பொருளையும் விடாமல் துருவியவர். 1809-இல் எண்டிகாட் மரத்துப் பழங்களை, ஓய்வுபெற்று குயின்சியில் இருந்த முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸுக்கு அனுப்பி வைத்தார். (எண்டிகாட் வெட்டிச் சாய்த்த அந்தப் பைன் மரம் நின்றதும் குயின்சியில்தான்.) தமிழ் வாசகருக்குப் பென்ட்லி வேறொரு வகையிலும் தெரிந்திருக்க வேண்டியவர். 1790 டிசம்பரில் சேலம் தெருவில் மதராஸிலிருந்து கப்பலில் வந்த ஒருவரைப் பார்த்ததாக அவர் எழுதிய குறிப்பு, அமெரிக்காவில் இந்தியர் ஒருவரைப் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. நிறம் கறுப்பு, நீண்ட தலைமுடி, உயரம் என்றெல்லாம் எழுதுகிறார், பெயரை எழுதவில்லை. பழமரத்தின் வம்சாவளியை அவ்வளவு அக்கறையாக விசாரித்தவர்!

பிறகு வந்தது 1964. அந்த ஆண்டு ஜூலையில் யாரோ விஷமிகள் ரம்பத்தோடு வந்து கிளைகளையும் அடிமரத்தையும் அறுத்துத் தள்ளினார்கள். ஆறடி உயரத்துக்கு முண்டம் மட்டும் மிஞ்சியது. முந்நூறு ஆண்டுக்கு மேல் நின்ற மரம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே முண்டத்திலிருந்து துளிர் வெடித்தது. இன்று நாம் பார்க்கும் தண்டுகள் பெரும்பாலும் அதற்குப் பின் வளர்ந்தவை. வளையம் எண்ணி வயது சொல்ல வழியில்லாமல் போனதும் இதனால்தான்.

அப்படியானால் எது பழையது? கண்ணுக்குத் தெரிகிற மரத்துக்கு அறுபது சொச்சம் வயது. பழமை இருப்பது வேரிலும் அந்த அடிக்கட்டையிலும்தான். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். பழமரத்தை அறிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். பேரி விதையைப் போட்டால் தாய்மரம் மாதிரியே கன்று வராது, ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு தினுசு. அதே பழம் வேண்டும் என்றால் அதே மரத்துக் குச்சியை எடுத்து வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்ட வேண்டும். ஆக ஒரு பழ ரகத்தின் உயிர் என்பது எந்தக் காலத்திலும் தண்டு மாறித் தண்டு ஓடுவதுதான். எண்டிகாட் மரமும் அப்படித்தான் ஓடியிருக்கிறது, இடம் மாறாமல். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: பேரி மரங்களைத் தீய்த்ததுபோல் கருக்கும் ஃபயர் பிளைட் என்ற பாக்டீரியா நோய் அமெரிக்க மண்ணுக்கே உரியது. ஐரோப்பாவிலிருந்து வந்த பேரி ரகங்களுக்கு அதோடு பழக்கமே இல்லாததால் கிழக்குக் கரையில் தோட்டம் தோட்டமாக அழிந்தன. இந்த மரம் அதையும் பார்த்துவிட்டு நிற்கிறது.

நின்று காய்க்கும் பழம் எப்படி என்று கேட்டால், சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தர அளவு, பார்க்க அழகில்லை, சதை முரடு என்று பழ ரகங்களை விவரிக்கும் ஆட்கள் முகத்துக்கு நேரே எழுதி வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் பக்கத்து நாட்டுப் பேரிக்காயைக் கடித்தவர்களுக்கு அந்த நறநறப்பு தெரிந்திருக்கும். மரத்துக்கு விலை மதிப்பிடுகிறவர்களின் சூத்திரமும் இதற்குக் கைகொடுக்காது. அடிமரப் பருமன், இனம், உடல்நிலை, நிற்கும் இடம் இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால், கிளைத்த பேரி மரத்துக்குப் பெரிதாக ஒன்றும் வராது. பக்கத்துத் தெருவில் நிழலுக்கு வைத்த ஓக் மரம் இதைத் தோற்கடித்துவிடும். அருகிலேயே ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது, அதற்கு லிபர்ட்டி ட்ரீ மால் என்று பெயர். பாஸ்டனில் நின்று 1775-இல் வெட்டப்பட்ட எல்ம் மரத்தின் பெயர் அது. உயிரோடு இருக்கும் மரத்தை விட்டுவிட்டு, வேறு ஊரில் செத்த மரத்தின் பெயரைக் கடைத்தெருவுக்கு வைத்திருக்கிறார்கள்!

மற்ற ஊர்களில் இந்த வகை மரங்கள் என்ன ஆயின என்று பார்த்தால் டான்வெர்ஸ்காரர்களின் பொறுமைக்கு மரியாதை கூடுகிறது. நியூயார்க்கில் டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் 1647-இல் நட்டதாகச் சொல்லப்பட்ட பேரிக்காய் மரம், ஊர் வளர வளர மூன்றாம் அவென்யூவும் பதின்மூன்றாம் தெருவும் சந்திக்கும் முனையில் மாட்டிக்கொண்டு நின்றது. 1867-இல் இரண்டு குதிரை வண்டிகள் மோதியதில் சாய்ந்தது. அதன் குறுக்குவெட்டுத் துண்டு ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேர் எதிர்க் கரையில், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் நகரில், விலங்குகளின் மென்மயிர்த் தோல் வாங்கி விற்ற வணிகர்களின் கோட்டையில் 1826-இல் முளைத்ததாகச் சொல்லும் ஆப்பிள் மரம் 2020-இல் பட்டுப்போனது. அங்கே ஆண்டுதோறும் அந்த மரத்தின் பெயரில் விழா எடுத்து ஒட்டுக்குச்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்றையும் விட்டு வைத்திருந்தார்கள். அதனால் மரம் போனாலும் ரகம் போகவில்லை.

எண்டிகாட் மரத்துக்கும் அந்தக் காப்பு ஆகிவிட்டது. ஆரெகன் மாநிலம் கார்வாலிஸில் அமெரிக்க வேளாண் துறையின் மரபுவளக் காப்பகம் இருக்கிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பேரி ரகங்களை அங்கே உயிருள்ள மரங்களாகவே வைத்திருக்கிறார்கள், எண்டிகாட் மரத்தின் ஒட்டும் அவற்றில் ஒன்று. ஆராய்ச்சிக்குக் கேட்பவர்களுக்கு அந்தக் காப்பகம் ஒட்டுக்குச்சி அனுப்புகிறது. நாளைக்கே டான்வெர்ஸ் மரம் விழுந்தாலும் அதே பழம், அதே நறநறப்பு, கிடைத்துக்கொண்டிருக்கும்.

மரபணுவைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அப்படியிருந்தும் மருத்துவ மையத்தின் பின்பக்கத்து வேலியை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. கார்வாலிஸ் மரம் 1632-இல் அளந்து கொடுத்த பிர்ச் காட்டில் நிற்கவில்லை. 500 கன்று எரிந்த தரையும், 20 பவுனுக்கு எழுதி வாங்கிய கரையும் டான்வெர்ஸ் பக்கம்தான் இருக்கின்றன. மரத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதி வைக்கலாம் என்று என்னைக் கேட்டால், எண்டிகாட்டின் பெயரோடு அந்த 1686 கிரயத்தின் தேதியையும் தொகையையும் சேர்க்கச் சொல்வேன். மரத்தைப் பற்றிய ஆவணங்களில் அது மட்டும்தான் மறுதரப்பின் கையெழுத்தோடு இருக்கிறது.